அரசி கேத்தரினின் புத்திர சோகம்

எட்டாம் ஹென்றி மன்னன் ஆறு மனைவியரை மணந்தவன் என்பதை வரலாறு பயிலும் மாணவர் எவரும் மறப்பதில்லை. அவனுடைய முதல் மனைவி கேத்தரின் குறைந்தது ஆறு முறை கருவுற்றும் ஒரே ஒரு மகள்தான் தங்கினாள் என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கூறிவிட்டு மணவிலக்கு வழக்கிற்குத் தாவிவிடும். அவ்வரியைச் சற்றே நின்று படிப்போம்.

ஸ்பெயின் நாட்டு அரசகுமாரியான கேத்தரின் 1485-இல் பிறந்தாள். ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கு வாழ்க்கைப்பட்டு, ஐந்து மாதம் நிறையுமுன்பே, 1502-இல், கைம்பெண்ணானாள். 1509 ஜூன் திங்களில் ஹென்றி அவளை விரும்பியே மணந்தான்.

1510 ஜனவரி 31-ஆம் நாள் அவளுக்குக் குறைமாதத்தில் பெண் மகவு இறந்து பிறந்தது. ஆயினும் வயிற்று வீக்கம் தணியவில்லை. இரட்டையருள் மற்றொன்று உள்ளே உயிரோடு இருப்பதாக மருத்துவர் உறுதி கூறினார். துயருற்ற உள்ளம் இத்தகைய சொல்லை நம்பாமல் வேறென்ன செய்யும்? அரண்மனை வழக்கப்படி அரசி பேறுகால அறைக்குள் புகுந்தாள். வாரங்கள் கழிந்தன, வீக்கம் தானே வடிந்தது, குழந்தை இல்லை. இழப்போடு நாணமும் சேர்ந்துகொண்டது. தந்தை பெர்டினாண்டுக்கு மே மாத இறுதியில்தான் மடல் விடுத்தாள். அதிலும் அது அண்மையில் நேர்ந்ததுபோல் எழுதி, தன்மீது சினங்கொள்ள வேண்டாமென்று வேண்டினாள். மகவைப் பறிகொடுத்தவளே மன்னிப்பும் கேட்கிறாள்! மன்னன் வேறொரு மாதை நாடுவதாகப் பேச்செழுந்து, இருவருக்கும் வெளிப்படையாகப் பிணக்கு நேர்ந்ததும் அந்த வசந்த காலத்தில்தான்.

1511 புத்தாண்டு நாளில் ஆண் மகன் பிறந்தான். நாடே விழாக்கோலம் பூண்டது. ஐம்பத்திரண்டு நாட்களில் அவன் மாண்டான். அரசி ஆற்றொணாது அழுதாள். அப்போது ஹென்றி தன் துயரை மறைத்துக்கொண்டு அவளைத் தேற்றினான் என்பதையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அடுத்த நான்காண்டுகளில் பிறந்த ஆண் மக்களும் தங்கவில்லை. 1516-இல் பிறந்த மேரி பிழைத்தாள். 1518 நவம்பரில் மீண்டும் ஒரு பெண் பிறந்து எஞ்சவில்லை. அதுவே இறுதிப் பேறு.

மறு ஆண்டே மன்னனுக்கு வேறொருத்தியிடம் மகன் பிறந்தான். 1525-இல் அச்சிறுவனுக்கு ரிச்மண்ட் கோமகன் பட்டம் சூட்டப்பட்டபோது கேத்தரின் மனம் எவ்வளவு கசந்திருக்கும்! பின்னர் ஹென்றி, அண்ணன் மனைவியை மணந்தவன் பிள்ளையற்றுப் போவான் என்னும் விவிலிய விதியைக் கையிலெடுத்தான். அவள் புதைத்த மக்களே அவளுக்கெதிரான சாட்சிகளாயினர். 1529-இல் வழக்கு மன்றத்தில் அவன் காலடியில் மண்டியிட்டு, தான் ஈன்ற பிள்ளைகளை இறைவனே எடுத்துக்கொண்டான், அது தன் குற்றமன்று என்று முறையிட்டாள். பயனில்லை. 1533-இல் அத்திருமணமே செல்லாதென அறிவிக்கப்பட்டது.

1536 ஜனவரி 7 அன்று கிம்போல்டன் கோட்டையில் அவள் உயிர் நீத்தாள். 29-ஆம் நாள் பீட்டர்பரோவில் அடக்கம் நடந்தது. அன்றைய தினமே, அவள் இடத்தில் அரசியாக அமர்ந்த ஆன் பொலினுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. கலைந்தது ஆண் கரு என்றனர். நான்கு மாதங்களுக்குள் ஆனின் தலை துண்டிக்கப்பட்டது.