சியான்லோங் பேரரசர்

சியான்லோங் பேரரசர் (செப்டெம்பர் 25, 1711 - பெப்ரவரி 7, 1799) சீனாவை ஆண்ட சிங் அரச மரபின் ஆறாவது பேரரசர் ஆவார். இவரது இயற்பெயர் ஓங்லி. 1735 இல் அரியணை ஏறிய இவர், 1796 இல் தாமாகவே பதவி விலகும் வரை அறுபது ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். போர் வெற்றிகள், நூல் தொகுப்புப் பணிகள், பெருந்தொகையான கவிதைகள் ஆகியவற்றோடு, ஜேடு எனப்படும் பச்சைக்கல்லில் செய்த சிற்பங்களைச் சேர்த்தவர் என்ற வகையிலும் இவர் புகழ் பெற்றவர். பழஞ்சீன ஜேடு சிற்பங்களுள் உண்மையானது எது, போலி எது என்ற கேள்வி இவரது வாழ்நாள் முழுவதும் இவரைத் தொடர்ந்தது. இவர் பெயர் பொறித்த பொருட்களைப் பற்றி அதே கேள்வி இன்றும் எழுப்பப்பட்டு வருகிறது.

இளமைக் காலம்

ஓங்லி, பின்னாளில் யோங்செங் பேரரசர் ஆன இளவரசரின் நான்காவது மகனாகப் பெய்ஜிங்கில் பிறந்தார். பாட்டனார் காங்சி பேரரசரின் அன்பைப் பெற்றிருந்தார். மஞ்சு மொழியிலும் சீன மொழியிலும் கல்வி கற்றதோடு குதிரையேற்றம், வில்வித்தை ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தந்தை 1735 இல் இறந்தபோது இவருக்கு வயது 24.

ஆளும் மரபு மஞ்சு இனத்தைச் சேர்ந்தது. ஆளப்பட்ட மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஆன் சீனர். பண்டைச் சீன மன்னர்களின் முறையான வாரிசாகத் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை இவருக்கு இருந்தது. பழம்பொருட்களின் மீது இவர் கொண்ட ஈடுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். ஆயினும் அது வெறும் அரசியல் அன்று. இவர் எழுதியவையாகக் கூறப்படும் 40,000க்கும் மேற்பட்ட கவிதைகளுள் ஏறத்தாழ 800 ஜேடு பற்றியவை. கவிதை என்ற அளவில் அவை உயர்ந்தவை அல்ல என்றே திறனாய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரு பொருள் எப்போது கிடைத்தது, அதைப் பேரரசர் எவ்வாறு மதிப்பிட்டார் என்பதை அறிய அவை பெரிதும் உதவுகின்றன.

ஜேடு கல்

ஜேடு என்ற சொல் இரு வேறு கனிமங்களைக் குறிக்கிறது. சீனர் தொன்று தொட்டுப் பயன்படுத்தியது நெப்ரைட்டு ஆகும். பர்மாவிலிருந்து வரும் ஜேடைட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் சீன அரண்மனையில் மதிப்புப் பெறத் தொடங்கியது. இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்பதை 1863 இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிசு தமூர் நிறுவினார். எனவே மிகப் பழங்காலத்துச் சீனச் சிற்பம் என்று சொல்லப்படும் பொருள் ஜேடைட்டால் ஆனதாக இருந்தால், அதன் வயதை ஐயுறுவதற்கு அதுவே போதுமானது.

இக்கல்லைச் சாதாரண உளியால் செதுக்க இயலாது. அதைவிடக் கடினமான மணலை நீருடன் கலந்து, சுழலும் வட்டத் தகட்டால் தேய்த்துத் தேய்த்தே வடிவம் கொடுப்பர். இதனால் ஒவ்வொரு காலத்துக் கருவியும் கல்லின் மீது தனக்குரிய தடத்தை விட்டுச் செல்கிறது.

ஊறுகாய்ச் சாடி

சியான்லோங்கின் ஜேடு சேகரிப்பில் முதலில் குறிப்பிட வேண்டியது 1745 இல் நடந்த ஒரு கொள்முதல் ஆகும். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1265 இல் செய்வித்த மிகப் பெரிய ஜேடு மதுக் கலம் ஒன்று, காலப்போக்கில் பெய்ஜிங்கில் இருந்த தாவோயியக் கோயில் ஒன்றை அடைந்திருந்தது. ஏறத்தாழ மூன்றரைத் தொன் எடையுள்ள அக்கலத்தில் அங்கிருந்த துறவிகள் காய்கறி ஊறவைத்து வந்தனர். பேரரசர் ஆயிரம் பொன் கொடுத்து அதை வாங்கினார். பின்னர் பெய்ஹாய் ஏரியருகே உள்ள வட்டக் கோட்டையில் அதற்கென ஒரு மண்டபம் எழுப்பினார்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இவர் தம் கைவினைஞரைக் கொண்டு அக்கலத்தைப் பல முறை மீண்டும் செதுக்கி மெருகிடச் செய்தார். தமது கவிதைகளையும் உட்புறத்தில் பொறிப்பித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலைப்பாட்டின் ஒரு பகுதி இதனால் மாறிப் போயிற்று. கலத்தின் பழைய அடிப்பீடம் கோயிலிலேயே விடப்பட்டது. கலமும் பீடமும் இன்றும் பெய்ஜிங்கில் வெவ்வேறு இடங்களில் உள்ளன.

1746 இல் அரச முத்திரைகளை ஒழுங்குபடுத்தியபோது இவர் இதைவிடக் கூர்மையாக நடந்துகொண்டார். முதல் பேரரசர் காலத்து வாசகத்தைக் கொண்ட ஒரு ஜேடு முத்திரை அரண்மனையில் போற்றப்பட்டு வந்தது. அதை ஆராய்ந்த இவர், பிற்காலத்தவர் செய்த போலி என முடிவு செய்து, அரச முத்திரைகளின் வரிசையில் சேர்க்க மறுத்தார். தம் மரபின் பெருமைக்கு உதவக்கூடிய பொருளையே விலக்கினார் என்பது கவனிக்கத்தக்கது.

யாவ் சோங்ரெனும் கிண்ணமும்

1753 இல் பேரரசர் எழுதிய ஒரு சிறு கட்டுரை, போலிப் பழம்பொருள் பற்றிய சீன எழுத்துகளுள் மிகவும் பயனுடைய ஒன்றாகும். சிறுவர் இருவர் கைப்பிடிகளாக அமைந்த ஜேடு கிண்ணம் ஒன்று இவரிடம் இருந்தது. அதன் மேல் படிந்திருந்த செம்மை கலந்த நிறத்தைக் கண்டு, பல நூற்றாண்டுகள் மண்ணில் புதைந்து கிடந்த பொருள் என்று இவர் எண்ணினார். அரண்மனைப் பட்டறையில் பணியாற்றிய யாவ் சோங்ரென் என்னும் முதிய ஜேடு கைவினைஞரிடம் அதைக் காட்டிக் கருத்துக் கேட்டார். யாவ் சிரித்துவிட்டு, அதைச் செய்தவர் தமது பாட்டனாரே என்று கூறினார்.

செய்முறையையும் அவர் மறைக்கவில்லை. இழைவு சீரற்ற கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். அதில் வைர முனை கொண்ட துளைக்கருவியால் மிக நுண்ணிய புள்ளிகளைக் குத்த வேண்டும். பின்னர் அம்பர் என்னும் பிசினைப் பூசி, மிகைப்படாத மென்தீயில் இரவு பகலாக ஓராண்டு வரை வைத்திருக்க வேண்டும். அப்போது நிறம் கல்லுக்குள் இறங்கும். அக்காலத்திலேயே இத்தனை பொறுமைக்கு ஆட்கள் குறைந்து போனதாகவும், பொருள் விரைவில் விலைபோக வேண்டும் என்று அவசரப்பட்டோர் பெருகியதாகவும் யாவ் குறைப்பட்டுக்கொண்டார்.

உலகின் மிகப் பெரிய ஜேடு தொகுப்பை வைத்திருந்தவர், ஒரு தொழிலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தாமே எழுதி வைத்தது வியப்புக்குரியது. நூல்களைப் படித்தோர் பலர் அரசவையில் இருந்தும், கல்லைத் தொட்டு வேலை செய்தவருக்கே உண்மை தெரிந்திருந்தது. யாவின் பெயர் வரலாற்றில் நிலைத்ததற்கு இக்கட்டுரையே முதன்மைக் காரணம்.

மேற்குப் போர்களும் கல்லின் வரவும்

இவரது ஆட்சியின் முதல் இருபது ஆண்டுகளில் நல்ல கல் அரிதாகவே கிடைத்தது. சிறந்த நெப்ரைட்டு கோத்தான், யார்கந்து ஆகிய நகரங்களை அண்டிய ஆறுகளிலும் மலைகளிலும் கிடைப்பது. அப்பகுதி அப்போது சுங்கர் எனப்படும் மேற்கு மங்கோலியரின் ஆதிக்கத்தில் இருந்தது. 1755 முதல் 1759 வரை நடந்த போர்களில் சிங் படைகள் சுங்கர் அரசை அழித்து, இன்றைய சின்சியாங் முழுவதையும் கைப்பற்றின. போரிலும் அம்மை நோயிலும் சுங்கர் மக்களுள் பெரும்பாலோர் மடிந்தனர். 1760 முதல் அங்கிருந்து ஆண்டுதோறும் திறைப் பொருளாக ஜேடு பெய்ஜிங்குக்கு வரத் தொடங்கியது. அரண்மனை மகிழ்ந்த கல்லுக்குப் பின்னே இப்பேரழிவு இருந்ததைக் கலை நூல்கள் பெரும்பாலும் ஓரிரு சொற்களில் கடந்து விடுகின்றன.

இதே வழியாக முகலாய இந்தியாவின் ஜேடு கலங்களும் சீனாவை அடைந்தன. இதழ் போல மெலிதாகத் தேய்க்கப்பட்ட அவற்றைக் கண்டு பேரரசர் பெரிதும் வியந்தார். அவை வந்த நாட்டைப் பற்றி 1768 இல் ஓர் ஆய்வுரையும் எழுதினார். தம் பட்டறையில் அதே பாணியில் பொருட்களைச் செய்யவும் சொன்னார். இந்நாள் அருங்காட்சியகங்களில் முகலாயப் பொருளையும் அதன் சீனப் படியையும் பிரித்தறிவது எளிதாக இல்லை.

தனியார் ஜேடு வணிகம் தடை செய்யப்பட்டிருந்தும் கடத்தல் நிற்கவில்லை. 1778 இல் யார்கந்தில் ஆட்சி அலுவலராக இருந்த கௌ பு என்பவர், மக்களைக் கட்டாயப்படுத்திக் கல் வெட்டுவித்து, அதைச் சூச்சௌ நகரச் சந்தையில் மறைவாக விற்றது வெளிப்பட்டது. அவர் பேரரசரின் காலஞ்சென்ற துணைவியார் ஒருவரின் நெருங்கிய உறவினர். ஆயினும் மரண தண்டனைக்கு உள்ளானார். சூச்சௌ சந்தையின் மீது பேரரசருக்கு வேறொரு சினமும் இருந்தது. மிகையான துளை வேலைப்பாடுகளால் நல்ல கல்லை வீணாக்கும் அந்நகரத்துப் புதுப் பாணியை, ஜேடுக்கு நேர்ந்த கேடு என்று கவிதைகளில் கண்டித்தார்.

யூ மன்னர் மலை

வெள்ளத்தை அடக்கியதாகச் சொல்லப்படும் தொன்ம மன்னர் யூவைப் பற்றிய மலைச் சிற்பம், இவர் செய்வித்தவற்றுள் மிகப் பெரியது. உயரம் 224 செ.மீ.; எடை ஐந்து தொன்னுக்கு மேல். சின்சியாங் மலையிலிருந்து கல்லைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுவரவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயின. பிறகு அது தெற்கே யாங்சௌ நகருக்கு அனுப்பப்பட்டது. முதலில் மெழுகில் மாதிரி செய்தனர். தென்னாட்டு வெப்பத்தில் மெழுகு உருகிவிடும் என அஞ்சி, மரத்தில் மற்றொன்று செய்தனர். 1787 இல் வேலை முடிந்தது. இச்சிற்பம் இன்றும் அரண்மனை வளாகத்தில் அதே கூடத்தில் நிற்கிறது.

பொறிப்புகளும் பிழைகளும்

தமக்குக் கிடைத்த பழம்பொருட்களைத் தரம் பிரித்து, அவற்றின் மீதே கவிதை பொறிப்பது இவரது வழக்கம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில், கி.மு. 1200 அளவில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் துளையுள்ள வட்டத் தகடு ஒன்று உள்ளது. 1790 இல் பொறித்த கவிதையில் இவர் அதைக் கிண்ணம் வைக்கும் தாங்கி என்கிறார். உரிய ஜேடு கிண்ணம் கிடைக்காததால் பீங்கான் கிண்ணம் ஒன்றை அதற்குத் துணையாகத் தேர்ந்தார்.

வெளியே சதுரமும் உள்ளே வட்டமுமான சோங் என்னும் சடங்குப் பொருட்களை, பழங்காலத் தேர் அல்லது பல்லக்குத் தண்டின் முனை அணி என்று இவர் விளக்கினார். தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சோங்கில் இவரது கவிதை தலைகீழாகவே பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றின் பெயரைச் சரியாக இனங்கண்டவர் 1889 இல் நூல் வெளியிட்ட வூ தாசெங் ஆவார். அவை ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் பழமையான லியாங்சு பண்பாட்டுக்கு உரியவை என்பது இருபதாம் நூற்றாண்டு அகழாய்வுகளால்தான் தெளிவாயிற்று.

இவர் பழம் பாணியில் செய்வித்த புதிய பொருட்கள் பலவற்றில், சியான்லோங் காலத்தில் பழமையைப் பின்பற்றிச் செய்தது என்ற முத்திரை வாசகம் உண்டு. படி எடுத்ததை மறைக்காமல் சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது. பின்வந்த போலியாளர்கள் அந்த வாசகத்தையே போலி செய்தனர் என்பது வேறு கதை.

முதுமையும் மறைவும்

1793 இல் பிரித்தானியத் தூதர் மக்கார்ட்டினி பிரபு வந்தபோது, பேரரசர் நற்பேற்றின் அடையாளமான ரூயி என்னும் ஜேடு செங்கோலை அளித்தார். அக்கல்லுக்குப் பெரிய மதிப்பு இருப்பதாகத் தூதருக்குத் தோன்றவில்லை. ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஹெ ஷென் என்னும் அமைச்சரின் ஊழல் பெருகியது. பாட்டனார் காங்சி ஆண்ட 61 ஆண்டுகளை மிஞ்சக் கூடாது என்பதற்காக 1796 இல் இவர் மகன் சியாச்சிங்குக்கு முடி சூட்டினார். எனினும் இறக்கும் வரை அதிகாரம் இவரிடமே இருந்தது. இவர் மறைந்த 1799 ஆம் ஆண்டிலேயே ஹெ ஷென் தண்டிக்கப்பட்டார். ஜேடு வணிகத்தின் மீதான தடையும் நீக்கப்பட்டது.

தொகுப்பின் பிற்காலமும் சந்தையும்

1860 இல் ஆங்கிலேய, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங் யுவான் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடின. 1900 இல் மீண்டும் பெய்ஜிங் கொள்ளையிடப்பட்டது. 1928 இல் சுன் தியன்யிங் என்பவரின் படையினர் பேரரசரின் கல்லறையை உடைத்து அணிகலன்களை எடுத்துச் சென்றனர். தொகுப்பின் எஞ்சிய பகுதி பெய்ஜிங், தைப்பே ஆகிய இரு அரண்மனை அருங்காட்சியகங்களில் உள்ளது. சிதறியவை ஏல நிறுவனங்கள் வழியாகவும், அண்மைக் காலத்தில் இணைய விற்பனைத் தளங்கள் வழியாகவும் கைமாறுகின்றன.

இணையத்தில் சியான்லோங் முத்திரையுடன் விற்கப்படும் பொருட்களுள் மிகப் பெரும்பான்மையானவை புதியவை. பாம்புக்கல் எனப்படும் மென்மையான செர்ப்பென்டைன் கல்லும் புது ஜேடு என்ற பெயரில் விற்கப்படுகிறது. கல் உண்மையான நெப்ரைட்டு என்று ஆய்வகம் சான்றளித்தாலும், அது கல்லைப் பற்றிய சான்றே தவிரச் செதுக்கிய காலத்தைப் பற்றியது அன்று. பழுப்பு நிறப் படிவும் போதிய சான்றாகாது. யாவ் சோங்ரென் சொன்னது போல அதை உருவாக்க முடியும். அருங்காட்சியக ஆய்வாளர்கள் துளைகளுக்குள்ளும் வரிகளுக்குள்ளும் அச்சு எடுத்து, நுண்ணோக்கியில் கருவித் தடங்களைப் பார்க்கின்றனர். மின் இயந்திரத்தின் வைர முனை விடும் தடம், மணல் தேய்த்த தடத்திலிருந்து வேறுபட்டது. விற்பனையாளர் காட்டும் ஒளிப்படத்தில் இத்தடங்களைக் காண்பது அரிது.

ஆகவே பழைய ஏலப் பட்டியல், விலைச்சீட்டு, கண்காட்சிப் பதிவு போன்ற உடைமை வரலாறு உள்ள பொருட்களுக்கே அறிந்தோர் கூடிய விலை கொடுக்கின்றனர். இதில் சட்டமும் தொடர்புடையது. 1911க்கு முற்பட்ட தொல்பொருட்களை நாட்டை விட்டு வெளியே கொண்டு செல்வதைச் சீனா 2007 இல் வகுத்த விதிகளால் தடுத்துள்ளது. தாங் மரபின் முடிவு வரையான சீனத் தொல்பொருட்களின் இறக்குமதிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2009 இல் கட்டுப்பாடு விதித்தது. உரிய சான்று இல்லாத பொருள் உண்மையானதாகவே இருந்தாலும், வாங்கியவர் அதை மீண்டும் விற்க இயலாமல் போகலாம்.

அச்சில் உள்ள படங்களை மட்டும் நம்பி வாங்குவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் நூறு பகுதிகள் கொண்ட ஜேடு படநூல் ஒன்று 1779 இல் அச்சேறியது. சியான்லோங் அமர்த்திய பேரரசு நூலகப் பதிப்பாளர்களே அந்நூலைப் போலி எனக் கண்டறிந்து பதிவு செய்துள்ளனர்.