கிரீந்திரசேகர் போஸ்: உளவியலில் கோட்பாட்டின் இடம்

முனைவர்பட்ட ஆய்வாளர், தமிழ், உடுமலைப்பேட்டை

முன்னுரை

1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் நகரில் ஆய்வுக்கூடம் நிறுவியபின் உளவியல் தன்னைச் சோதனை அறிவியலாக அடையாளப்படுத்திக்கொண்டது. மெய்யியலிலிருந்து அது முற்றும் விலக வேண்டும் என்னும் கருத்தும் வலுப்பெற்றது. ஆயினும் நோயாளரிடம் கண்டவற்றிற்குப் பொருள் கூறக் கோட்பாடு இன்றியமையாதது. இதனைத் தம் வாழ்வால் உணர்த்தியவர் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953). அவர் வாழ்வையும் கோட்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வியும் தொடக்கப் பணியும்

பீகாரின் தர்பங்காவில் 1887 சனவரி 30-இல் பிறந்தார். பரசுராம் என்னும் புனைபெயரில் எழுதிய வங்க எழுத்தாளர் இராஜசேகர் போஸ் இவருடைய தமையனார். கல்கத்தாவில் 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோயாளருக்கு அறிதுயில் முறையில் சிகிச்சை அளித்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு முதுகலைப் பட்டம் பெற்று ஆசிரியரானார். ஒடுக்கம் பற்றிய ஆய்வுக்கு 1921-இல் முனைவர் பட்டம் பெற்று, அதனை நூலாக்கி வியன்னாவிலிருந்த ஃபிராய்டுக்கு அனுப்பினார். அதன்வழித் தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

1922-இல் பார்சிபாகன் சந்திலிருந்த தம் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவி, இறுதிவரை அதன் தலைவராக இருந்தார். தொடக்க உறுப்பினருள் பெரும்பான்மையோர் உளவியலும் மெய்யியலும் கற்பித்த ஆசிரியர்கள் என்பது கருதத்தக்கது. அங்கு மருத்துவமும் மெய்யியலும் ஒரே அவையில் உரையாடின.

எதிர்விருப்பக் கோட்பாடு

ஒவ்வொரு விருப்பத்துடனும் அதற்கு எதிரான விருப்பமும் உடன்தோன்றுகிறது. ஒன்று நனவில் நிற்க, மற்றொன்று ஒடுங்குகிறது என்பது போஸின் கோட்பாடு. அடிக்க விரும்புவோனிடம் அடிபடும் விருப்பமும் மறைந்திருக்கும். நோயாளர் தம்மை எதிர்நிலையில் வைத்து எண்ணும்போது ஒடுங்கியது வெளிப்படும் என்று கருதிச் சிகிச்சை முறையையும் அமைத்தார். தன்னிலையும் பிறநிலையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் மெய்யியல் நோக்கு இதன் அடித்தளமாகும்.

இந்திய ஆடவரிடம் பெண்ணாகும் விருப்பம் வெளிப்படையாகக் காணப்படுவதையும், காயடிப்பு அச்சம் ஐரோப்பியரிடம் காணப்படும் வகையில் அமையாமையையும் சுட்டி, இடிபஸ் சிக்கல் பற்றிய ஃபிராய்டின் விளக்கத்துடன் மாறுபட்டார். ஃபிராய்டு இவ்வேறுபாட்டைக் கவனத்திற்குரியதாக ஏற்றார். எதிர்விருப்பங்களைத் தாம் போதிய அளவு கருதவில்லை என்பதையும் ஒப்பினார். எனினும் உள்ளத்தின் இயக்க ஆற்றலை அக்கோட்பாடு போதுமான அளவு காட்டவில்லை என்று ஐயுற்றார். ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு 1931-இல் தந்தத்தாலான திருமால் சிலையை அனுப்பியவரும், கோட்பாட்டில் அவருடன் உடன்படாதவரும் ஒருவரே. மதிப்பு வேறு, உடன்பாடு வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

பிற பணிகள்

பகவத் கீதை, யோக சூத்திரம் ஆகியவற்றை உளவியல் நோக்கில் விளக்கினார். தமையனார் அளித்த வீட்டில் 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1947-இல் சமீக்ஷா என்னும் ஆய்விதழ் வெளிவந்தது. 1953 சூன் 3-இல் மறைந்தார்.

நிறைவுரை

தமிழில் உளவியல் திறனாய்வு பெரும்பாலும் ஃபிராய்டின் கருத்துகளை முடிந்த முடிபாகக் கொண்டு, இலக்கியத்தில் அவற்றுக்குச் சான்று தேடுவதாகவே அமைகிறது. போஸ் வழி வேறு. தம் நோயாளரிடம் கண்டது நூலிற் கண்டதோடு முரண்பட்டபோது, அவர் காட்சியை மறைக்காமல் கோட்பாட்டை வினவினார். நகை முதலாகிய எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியமும் உள்ளம் பற்றிய ஒரு கோட்பாட்டையே முன்வைக்கிறது. அதனை ஃபிராய்டுக்கு முன்னோடி எனப் பெருமை பேசுவதோ, அவர் கருத்துக்கு எடுத்துக்காட்டாகச் சுருக்குவதோ ஆய்வாகாது. இரண்டையும் எதிரெதிர் நிறுத்தி, எது எதனை விளக்கத் தவறுகிறது என வினவுவதே போஸின் வாழ்வு தமிழாய்வாளர்க்குக் காட்டும் நெறியாகும்.