வெட்டவெளிச் சிற்பி ராய் சௌத்ரி

சென்னைக்குச் செல்லும் நம் மாணவர் எவரும் மெரினாவைக் காணாது திரும்புவதில்லை. அங்கே நால்வர் சேர்ந்து பெரும்பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையின் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளாதவரும் அரியர். ஆயினும் அதனை வடித்தவர் யாரெனக் கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அவர் ஓர் அரசுக் கல்லூரியின் முதல்வர்; பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இன்று வங்காள தேசத்திலுள்ள ரங்பூரை அடுத்த தாஜ்ஹாட்டில் 1899-ஆம் ஆண்டு பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார்; சிற்பமும் கற்றார். மல்யுத்தம், வேட்டை, புல்லாங்குழல் என எதையும் விட்டுவைக்கவில்லை. வங்க மொழியில் கதைகளும் எழுதினார். அவர் வார்த்த உருவங்களில் தசையும் நரம்பும் முறுக்கேறி நிற்பதற்கு அந்த மல்யுத்தக் களமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

1850-இல் தொடங்கப்பெற்ற சென்னை ஓவியப் பள்ளிக்கு 1929-இல் தலைமை ஏற்றார். அதுவரை ஆங்கிலேயரே அமர்ந்திருந்த நாற்காலி அது. பள்ளி வளாகமே அவருடைய பட்டறையாயிற்று. இரும்புச் சட்டத்தின்மேல் களிமண் ஏறி உருவம் வளர்வதையும், அதன்மீது சாந்து அச்சு எடுக்கப்படுவதையும் மாணவர் கண்ணெதிரே கண்டனர். நூறு சொற்பொழிவுகள் தராத பாடத்தை அம்மண்குவியல் தந்திருக்கும்!

திருவரங்குளம் வட்டாரத்தாருக்குச் சிற்பம் புதிதன்று. சிவன் கோயில் தூண்களில் அதனைக் கல்லாகக் காண்கிறோம். ஆலங்குடிக்கு அப்பால் குளமங்கலம் ஐயனார் முன் வானம் பார்த்து நிற்கும் நெடுங்குதிரையாகவும் காண்கிறோம். ஆனால் அவை வழிபாட்டுக்கும் வேண்டுதலுக்கும் உரியவை. ஆங்கிலேயர் காலத்தில் நகரத்துப் பொதுவிடங்களில் நின்றவையோ பெரும்பாலும் ஆள்வோர் உருவங்கள். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் வீற்றிருக்கும் மன்றோவை நினைத்துப் பாருங்கள். அத்தகைய பீடத்தில் பெயரில்லாத உழைப்பாளியை ஏற்றுவது எளிய செயலா?

1937-இல் ஆங்கில அரசின் எம்.பி.இ. பட்டம் பெற்றவர் ராய் சௌத்ரி. அதே கைகளே பின்னர் பாட்னாவின் தியாகிகள் நினைவுச் சின்னத்தையும் வடித்தன. 1942 ஆகஸ்டு 11 அன்று தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியேற்றச் சென்று குண்டுக்கு இரையான மாணவர் எழுவரின் நினைவு அது. நம் வயதை ஒத்தவர்கள், சிலர் நம்மினும் இளையவர்கள். ஒருவர் சாய, கொடி மட்டும் சாயாமல் முன்செல்லும் அவ்வெண்கலத் தொகுதி 1956-இல் திறக்கப்பெற்றது.

உழைப்பாளர் சிலை 1959 சனவரி 25 அன்று, குடியரசு நாளுக்கு முந்தைய நாள் நிறுவப்பெற்றது. 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரைக்கு அது பொருத்தமான அணி. அதற்கு மாதிரியாக நின்றோர் கல்லூரியின் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் ஆவர். நாள்தோறும் கடந்து போகிற வாயிற்காவலரிடம் ஒரு சிற்பத்தைக் கண்ட முதல்வர் அவர்! மெரினாவில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளும் அவர் கைவண்ணமே. அதுவும் அதே ஆண்டு நிறுவப்பெற்றது.

அவர் பாணி மேனாட்டுச் சிற்பி ரோடினின் சாயல் என்று குறை கூறுவோர் உண்டு. சாயல் இருப்பது மெய்யே. ஆயினும் அவரிடம் பயின்ற பணிக்கரும் தனபாலும் அவ்வழியை விட்டுத் தத்தம் வழி கண்டனர். அவருக்குப் பின் பணிக்கரே அக்கல்லூரியின் முதல்வரானார்.

1954-இல் தொடங்கிய லலித் கலா அகாதமியின் முதல் தலைவராகவும் ராய் சௌத்ரி விளங்கினார். 1958-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். முதுமையில் தண்டி யாத்திரையைப் பெருந்தொகுதியாக வடிக்கத் தொடங்கினார். முடிக்குமுன் 1975-இல் மறைந்தார். பின்னர் முழுமையடைந்து தில்லிச் சாலையோரம் நிற்கும் அதில் காந்தியடிகளோடு நடப்போர் பதின்மர். வடித்தவர் பெயர் அறியாத தில்லி மக்கள் அவ்விடத்தைப் பதினொரு சிலை என்றே வழங்குகின்றனர்.