கிளை மாறிய ஜி.என்.ஆர்.



நம்மில் பாதிப்பேர் கேட்ட பிராஞ்ச் கிடைக்காம, கிடைத்த பிராஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். அவர்களுக்காகவே இந்த வாழ்க்கைக் கதை.

ஜி.என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்தவர், 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது என்னவோ எலெக்ட்ரிகலில்தான். மனசு மட்டும் இயற்பியலில். அங்கிருந்த சர் சி.வி. ராமன் பையனின் திறமையைப் பார்த்துத் தன் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல், முப்பது வயது வாக்கில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர். 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி இருப்பதைக் காட்டினார். 1963-ல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் புரத ஆய்வின் அரிச்சுவடி.

நமக்கு முக்கியமானது 1971-ல் நடந்தது. ஒரு தீப்பெட்டியைத் திறக்காமலே உள்ளே குச்சிகள் எப்படி அடுக்கியிருக்குன்னு பார்க்கணும். என்ன செய்வது? பல திசைகளிலிருந்து எக்ஸ்ரே நிழல் எடுக்கலாம். அந்த நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் உள்படம் கிடைக்கும். ஆனால் மங்கலாக இருக்கும். மங்கலை நீக்க ஃபூரியர் முறையில் போனால் அன்றைய கம்ப்யூட்டர்களில் கணக்கு நீண்டுகொண்டே போகும். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் குறுக்குவழி சொன்னார்கள். ஒவ்வொரு நிழலையும் முதலில் சில நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டி வடிகட்டு, பிறகு பரப்பு. இதுதான் கன்வல்யூஷன். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதைத் தொட்டிருந்தாலும், எக்ஸ்ரே படங்களுக்கு வழி திறந்தது இவர்கள் கட்டுரைதான். பின்னால் வந்த சி.டி. ஸ்கேன் மெஷின்கள் பல ஆண்டுகள் இந்த வழியில்தான் ஓடின.

1979-ல் சி.டி. ஸ்கேனுக்கு நோபல் பரிசு வந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் கொடுத்தார்கள்; அது நியாயமே. நம்மவர் பெயர் அதில் இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி மட்டும் 1977-லேயே அவரை உறுப்பினராக்கியிருந்தது. கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோயோடு போராடி, 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

பரிசு போனால் போகட்டும். இமேஜ் பிராசஸிங் புத்தகத்தைப் புரட்டுங்க. அந்த வடிகட்டிக்குப் பெயரே 'ராம்-லாக்'. எந்த எலெக்ட்ரிகலை விட்டுப் போனாரோ, அந்த எலெக்ட்ரிகல்காரர்களின் பாடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்!

பிராஞ்ச் ஒரு வாசல்தான், நண்பர்களே. உள்ளே போன பிறகு எந்த அறைக்குப் போகிறோம் என்பது நம்ம கையில்.