அகக்கண் பெற்ற பண்டிதை ரமாபாய்

கர்நாடக மலைக்காட்டிலுள்ள கங்காமூலத்தில் 1858 ஏப்ரல் 23 அன்று தோன்றியவர் ரமாபாய். பெண்களுக்கு வடமொழிக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தில், தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே தம் மனைவிக்கும் மகளுக்கும் அதனைக் கற்பித்தார். தலயாத்திரையிலேயே குடும்பத்தின் நாட்கள் கழிந்தன. 1870களின் பஞ்சத்தில், முதுமையால் பார்வையிழந்திருந்த தந்தை, மகளின் முகம் காண இயலாமல் அவரைத் தழுவியபடியே விடைபெற்றார். தாயும் தமக்கையும் அடுத்தடுத்து மறைந்தனர்.

1878இல் கல்கத்தா அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை அளித்தனர். 1882இல் கணவரை இழந்தார். மருத்துவம் கற்க 1883இல் இங்கிலாந்து சென்றார்; செவித்திறன் குறைந்ததால் அது கைகூடவில்லை. அவ்வாண்டே ஞானஸ்நானம் பெற்றார். எனினும் சமயத்தை அறிந்த தாம் கிறிஸ்துவை அறியச் சில ஆண்டுகள் ஆயின என்று பின்னாளில் அவரே எழுதினார். பெத்சாயிதாவின் குருடனுக்கும் பார்வை ஒரே தொடுதலில் தெளியவில்லை. முதலில் மனிதர் மரங்களைப் போலவே தோன்றினர். அகக்கண்ணும் படிப்படியாகவே திறக்கிறது.

1889 மார்ச் 11 அன்று மும்பையில் இளம் விதவைகளுக்கென 'சாரதா சதன்' தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. நூற்றாண்டின் இறுதியில் பஞ்சம் பரவியபோது, ஆதரவற்ற பெண்களையும் குழந்தைகளையும் மீட்டு, புனேவுக்கு அருகிலுள்ள கேட்காவில் 'முக்தி' இல்லத்தில் சேர்த்தார். அவர்களுள் பார்வையற்றோரும் இருந்தனர். அவர்களுக்கான இல்லம், எரிகோ வழியோரத்தில் கூவியழைத்த பர்திமேயுவின் பெயரால் 'பர்திமி சதன்' எனப்பட்டது. மகள் மனோரமா பிரெய்ல் முறையைக் கற்று அவர்களுக்குக் கற்பித்தார்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று வினவியதாக யோவான் சுவிசேஷம் கூறுகிறது. இவனுமல்ல, பெற்றோருமல்ல என்றார் இயேசு. கணவனை இழந்தவளையும் முற்பிறவிப் பாவி என்று ஒதுக்கிய சமூகத்தில் வாழ்ந்த ரமாபாய்க்கு அந்த மறுமொழியின் அருமை புரிந்திருக்கும். துன்புறுவோரிடம் காரணம் தேடாமல் கரம் நீட்டினார். விழிகள் திறக்கவில்லை, ஆயினும் விரல்கள் வாசித்தன, வாழ்வு மலர்ந்தது. குணமாதல் என்பதன் மற்றொரு பொருள் இதுவே.

எபிரேய, கிரேக்க மூலங்களைக் கற்று வேதாகமத்தை மராத்தியில் பெயர்த்து முடித்த அம்மையார், 1922 ஏப்ரல் 5 அன்று இறைவனடி சேர்ந்தார். பிறர் துன்பத்தில் அவர்தம் பாவத்தைத் தேடும் கண்ணே உண்மையில் குருடு. அக்குருடு நீங்க நாமும் வேண்டுவோமாக.