ஒரே இரவில் 300 பக்கம், சம்பளம் ரூ.10,000: புது எழுத்தாளர் அண்ணா சினிமாவுக்குக் கதை விற்றது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் முடிஞ்சு மின்சார ரயில் ஏறுறவங்கள்ல, திருவள்ளூர்ல இருந்து தினமும் சென்னைக்கு வேலைக்கு வர்றவங்கள்ல, செல்போன் நோட்ஸ்ல ஒரு சினிமா கதையை எழுதி வெச்சிருக்கிறவங்க நிச்சயம் இருப்பாங்க. கோடம்பாக்கம் இங்கிருந்து சுமார் 50 கி.மீ.தான். ஆனா, அந்தக் கதையை யார்கிட்ட கொடுப்பது, எப்படி விற்பது, பெயர் வருமா, பணம் வருமா? இந்தக் கேள்விகள் எல்லாம் 75 வருஷத்துக்கு முன்னாடி ஒரு காஞ்சிபுரத்துக்காரர் முன்னாடியும் இருந்தது. அவர் பெயர் சி.என்.அண்ணாதுரை.

முதலமைச்சர் அண்ணாவை எல்லோருக்கும் தெரியும். சினிமாவுக்குப் புது எழுத்தாளராக வந்த அண்ணாவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நெசவாளர் வீட்டுப் பிள்ளை

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணா. அப்பா நடராஜன், அம்மா பங்காரு. வளர்த்தது சிற்றன்னை ராஜாமணி. இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்கள் அப்போது ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல்தான் இரண்டும் பிரிந்தன. அந்த வகையில் இந்தப் பக்கத்து மக்களுக்கு அவர் ஒரே மாவட்டத்துக்காரர்!

வீட்டில் பணக் கஷ்டம். காஞ்சிபுரம் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். 1934-ல் ஆனந்த விகடனில் 'கொக்கரகோ' என்ற சிறுகதை வெளிவந்தது. அதே ஆண்டில் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தார். அதன்பிறகு பத்திரிகை வேலை, மேடைப் பேச்சு என்று ஓட்டம்தான். 1942-ல் 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார்.

ஸ்டூடியோவுக்கு முன்னாடி மேடை

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. அண்ணா கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் நிற்கவில்லை. முதலில் நாடகம் போட்டார். 1943-ல் 'சந்திரோதயம்', அடுத்து 'சிவாஜி கண்ட இந்து ராஜ்ஜியம்'. இந்த இரண்டாவது நாடகத்தில் சிவாஜியாக நடித்த வி.சி.கணேசன் என்ற இளைஞர்தான் பிற்பாடு நமக்குத் தெரிந்த சிவாஜி கணேசன். அதே நாடகத்தில் காகபட்டர் வேஷம் கட்டியவர் அண்ணாவேதான்.

நடிகர் கே.ஆர்.ராமசாமி அப்போது கிருஷ்ணன் நாடக சபா நடத்திக்கொண்டிருந்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறையில் இருந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பெயரைத்தான் குழுவுக்கு வைத்திருந்தார். அந்தக் குழுவுக்காக அண்ணா எழுதிய நாடகங்கள்தான் 'ஓர் இரவு', 'வேலைக்காரி'. இரண்டுமே மேடையில் பெரிய வெற்றி. 'ஓர் இரவு' பார்த்த எழுத்தாளர் கல்கி, அண்ணாவை பெர்னாட்ஷா, இப்சன் வரிசையில் வைத்துப் பாராட்டினார். அரசியலில் கல்கி நேர் எதிர் முகாம் என்பதை நினைத்துப் பாருங்க. கட்சிக்காரர் கைதட்டுவதைவிட இந்தப் பாராட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதாவது, தயாரிப்பாளர்கள் கண்ணில் படும்போதே அண்ணாவின் கதை டிக்கெட் வாங்கிய ஜனங்கள் முன்னாடி பாஸ் ஆன கதை.

1949: ஒரே வருஷத்தில் 2 படம்

'வேலைக்காரி'யை வாங்கியது ஜூபிடர் பிக்சர்ஸ். இயக்கம் ஏ.எஸ்.ஏ.சாமி. ஹீரோ அதே கே.ஆர்.ராமசாமி. ஜமீன்தார் வேதாசல முதலியாரின் கடன் கொடுமையால் அப்பா தூக்குப் போட்டுக்கொள்ள, மகன் ஆனந்தன் ஆள்மாறாட்டம் செய்து, முதலியாரின் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போய்ப் பழிவாங்கும் கதை. இன்னொரு பக்கம், அந்த வீட்டு வேலைக்காரி அமிர்தத்தை முதலியாரின் மகனே காதலிக்கிறான். காளி கோயிலில் ஆனந்தன் சாமியிடம் சண்டை போடும் காட்சி அப்போது பெரும் சர்ச்சை ஆனது. படமும் பெரிய ஹிட்!

அதே 1949-ல் வந்த இன்னொரு படம் 'நல்லதம்பி'. சிறையிலிருந்து விடுதலையான கலைவாணருக்காக அண்ணா எழுதியது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். 1936-ல் வந்த ஃபிராங்க் காப்ராவின் ஹாலிவுட் படம் ஒன்றைத் தழுவிய கதை இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டில் எது முழுக்கத் தமிழ் மேடையில் விளைந்தது என்று கேட்டால் 'வேலைக்காரி'தான். ஜனங்க மனசில் தங்கியதும் அதுதான்.

அதே ஆண்டு செப்டம்பரில் தி.மு.க. தொடங்கப்பட்டது. சினிமா எழுத்தாளர் இப்போது ஒரு கட்சியின் பொதுச் செயலாளரும் கூட.

அந்த ஒரு இரவு

'ஓர் இரவு' நாடகத்தின் உரிமையை வாங்கியவர் ஏவி.எம். மெய்யப்ப செட்டியார். மேடை நாடகம் அப்படியே படம் ஆகாது. காட்சிகளைப் பிரித்து சினிமாவுக்கு எழுதித் தர வேண்டும். ராத்திரி எழுத உட்கார்ந்த அண்ணா, விடிவதற்குள் 300 பக்கத்துக்கு மேல் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சினிமா வரலாறு எழுதுபவர்கள் பதிவு செய்கிறார்கள். கதையும் ஒரே இரவில் நடப்பதுதான்; பொருத்தமான தற்செயல்!

இதைப் படிச்சிட்டு யாரும் ஒரே ராத்திரியில் ஸ்கிரிப்ட் எழுத உட்கார வேண்டாம். அந்தக் கதை பல ஊர் மேடையில் பல தடவை நடந்து, எங்கே சிரிப்பார்கள், எங்கே அமைதியாவார்கள் என்பது எழுதியவருக்கு மனப்பாடம். அன்று ராத்திரி நடந்தது யோசிக்கும் வேலை இல்லை, இறக்கி வைக்கும் வேலை.

சம்பளம் ரூ.10,000. இன்னைக்குக் கேட்டா ஒரு நல்ல போன் கூட வராது. ஆனா அப்போது ஒரு சவரன் தங்கம் 100 ரூபாய்க்கும் கீழே. கணக்குப் போட்டா 100 சவரனுக்கு மேல வருது!

ப.நீலகண்டன் இயக்க, 1951-ல் படம் வெளியானது. கே.ஆர்.ராமசாமி, லலிதா, நாகேஸ்வர ராவ், டி.கே.சண்முகம் எல்லாம் இருந்தும், நாடகத்துக்குக் கிடைத்த வெற்றி படத்துக்குக் கிடைக்கவில்லை.

பெயர் யாருக்கு?

பணத்தைவிடப் பெரிய மாற்றம், திரையில் வந்த எழுத்தாளர் பெயர். வசனம் எழுதியவருக்காகவே ஜனங்க தியேட்டருக்கு வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். அதிலும் எல்லோருக்கும் சம நியாயம் கிடைக்கவில்லை. 1952-ல் வந்த 'பராசக்தி' என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்? வசனம் எழுதிய கருணாநிதி. அந்தக் கதை, பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

டெல்லியில் இதைவிட மோசம். ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் 'ஹம் இந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதி மேடை ஏற்றினார். படம் எடுக்கும் பேச்சு வந்தது, கதையைச் சொன்னார். பிறகு 1956-ல் 'நியூ டெல்லி' என்று ஒரு இந்திப் படம் வந்தது. என் நாடகம்தான் இது என்று வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-ல் தோற்றார். கருத்துக்கும் கருவுக்கும் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் கதைத் திருட்டு வழக்குகளில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இதுதான்.

அதனால்தான் வாயால் கதை சொல்வதற்கு முன்னாடி, முழுசா எழுதி, தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்யச் சொல்கிறார்கள். 2012-ல் வந்த சட்டத் திருத்தம் இன்னொரு பிடியும் கொடுத்திருக்கு. கதையை விற்ற பிறகும், தியேட்டருக்கு வெளியே அந்தப் படைப்பு பயன்படும்போது ராயல்டி கேட்கும் உரிமையை எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிட முடியாது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் இந்த இடத்தைத் தேடிப் படிக்கணும். அண்ணா காலத்தில் இது கிடையாது. 10,000 வாங்கியதோடு கணக்கு முடிந்தது.

பிறகு...

அரசியல் வேகம் எடுத்தும் சினிமாவை அண்ணா முழுசா விடவில்லை. 1954-ல் 'சொர்க்கவாசல்', 1961-ல் எம்.ஜி.ஆர். நடித்த 'நல்லவன் வாழ்வான்' ஆகிய படங்களுக்கு எழுதினார். அவருடைய 'ரங்கோன் ராதா' நாவல் 1956-ல் படமானபோது வசனத்தை எழுதியவர் கருணாநிதி. 1967-ல் முதலமைச்சர் ஆனார். புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ல் இறந்தபோது அவருக்கு வயது 59.

அவருடைய எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. அதனால் 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். நாடக வடிவத்தை முதலில் படித்துவிட்டு, அப்புறம் படத்தைப் பாருங்க. எந்தக் காட்சி சேர்ந்திருக்கு, எது வெட்டுப்பட்டிருக்கு என்பது தானாகத் தெரியும்.