பழுது பார்த்தவர் படைத்த பொம்மை

குன்பெய் யோகோயின் வாழ்வும் பணியும்

விளையாட்டைச் சிறுமையாகக் கருதாத இலக்கியம் நம்முடையது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும் தனித்தனிப் பருவங்களாக அமைந்துள்ளன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானைக்கும் ஊசலுக்கும் அதே சிறப்பு உண்டு. பருவம் ஒன்றுக்குப் பத்துப் பாடல் என வகுத்துப் பாடிய புலவர் பெருமக்கள், அச்சிறுதேரைச் செய்து கொடுத்த தச்சனின் பெயரை மட்டும் கூறாது விட்டனர். பொம்மையைப் போற்றும் உலகம் பொம்மை செய்தவரை மறந்துவிடுவது அன்றும் இன்றும் உள்ள வழக்கமே. அவ்வாறு மறந்துவிடத் தகாத ஒருவரின் வரலாற்றை மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1990களில் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் வளர்ந்தவர்கள் டிவி கேமை மறந்திருக்க மாட்டார்கள். நானும் அவர்களுள் ஒருவன். சென்னைப் பர்மா பஜாரிலிருந்து யாரேனும் ஒருவர் வாங்கி வந்த பெட்டியைத் தெருவே சுற்றி அமர்ந்து பார்க்கும். மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆட விடும் கடைகளும் இருந்தன. மரியோவும் கான்ட்ராவும் எங்களுக்கு வீட்டுப் பெயர்கள். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மீண்டும் செருகுவோம். அப்பெட்டிகளுள் பெரும்பாலானவை நின்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் போலிகள் என்பதையோ, இடக்கைப் பெருவிரலின் கீழிருந்த சிலுவை வடிவப் பொத்தானை ஒருவர் சிந்தித்துச் செய்தார் என்பதையோ நாங்கள் அறியோம். அவர் பெயர் குன்பெய் யோகோய்.

பிறப்பும் பணியும்

யோகோய் 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ஜப்பானின் பழம்பெரும் நகராகிய கியோட்டோவில் பிறந்தார். அந்நகரின் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்று பட்டம் பெற்றார். முதன்மை மாணவராக அவர் திகழவில்லை. பெரிய மின்னணு நிறுவனங்களில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1965இல் சொந்த ஊரிலேயே இருந்த நின்டெண்டோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்நாளைய நின்டெண்டோவைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். 1889இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்தின் தொழில் சீட்டு அச்சிடுவது. மாதத்துக்கு நான்காகப் பன்னிரண்டு மாதங்களின் மலர்களைச் சித்திரித்த 48 அட்டைகள் கொண்ட ஹனஃபுடா என்னும் சீட்டுக்கட்டே அதன் அடையாளம். யோகோய்க்கு வாய்த்த வேலை, அச்சீட்டுகளைத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. நம் கும்மிடிப்பூண்டி சிப்காட் வழக்கில் கூறின், அவர் மெயின்டனன்ஸ் ஆள். இயந்திரம் ஓடும் வரை அவருக்கு வேலை இல்லை. நின்றால்தான் அவரைத் தேடுவர்.

ஓய்வில் பிறந்த கை

வேலையற்ற அப்பொழுதுகளில் யோகோய் தம் மகிழ்ச்சிக்காக ஒரு பொம்மை செய்தார். கடை வாசல்களில் உள்ள மடக்குக் கதவை நாம் பார்த்திருக்கிறோம். இழுத்தால் விரியும், தள்ளினால் சுருங்கும். அதே அமைப்பில், பிடியை நெருக்கினால் நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றும் ஒரு கையை அவர் உருவாக்கினார். தொழிற்சாலையைச் சுற்றி வந்த தலைவர் ஹிரோஷி யமவுச்சி இதைக் கண்டுவிட்டார். பின்னர் அறைக்கு அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் தண்டனை என்று அஞ்சியே யோகோய் சென்றார். அப்பொம்மையை விற்பனைக்குரிய பொருளாக ஆக்கித் தருமாறு தலைவர் பணித்தார். 1966இல் அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயரில் வெளிவந்த அப்பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்புப் பணியாளர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

கண்டிக்கத் தக்க நிலையில் ஒருவரைக் கண்டும், அவர் கையிலிருந்த பொருளைப் பார்க்கத் தெரிந்த மேலாளர் வாய்த்தது யோகோயின் நற்பேறு. அத்தகைய கண் எல்லா ஆலைகளிலும் இருப்பதில்லை.

முதிர்ந்த தொழில்நுட்பம்

யோகோயின் வாழ்நாள் கொள்கை ஒன்று உண்டு. புதிதாய் வந்து விலை உயர்ந்து நிற்கும் தொழில்நுட்பத்தை அவர் நாடவில்லை. பல ஆண்டுகள் புழங்கி, விலை குறைந்து, அதன் குணமும் குற்றமும் எல்லாரும் அறிந்தபின் வாடிய தழைபோல் ஒதுக்கப்பட்ட தொழில்நுட்பத்தை எடுத்து, யாரும் எண்ணாத வேறு பயனுக்கு அதைத் திருப்புவதே அவர் வழி. சூரிய ஒளியால் மின்சாரம் தரும் சில்லுகளை 1970இல் விளையாட்டுத் துப்பாக்கியின் இலக்கில் பொருத்தினார். துப்பாக்கியிலிருந்து பாய்ந்த ஒளி சில்லில் பட்டதும் இலக்கு சாய்ந்தது. மின்சாரம் எடுக்க வந்த பொருள், குறி தவறாமையை அறியும் கண்ணாயிற்று.

ஒரு முறை விரைவு ரயிலில் செல்கையில், அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததை யோகோய் கண்டார். கால்குலேட்டர் நிறுவனங்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துவிட்ட காலம் அது. அதே திரையையும் சில்லையும் கொண்டு சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டொன்றைச் செய்யலாமே என்று அவர் எண்ணினார். தலைவரின் கார் ஓட்டுநர் வராத ஒரு நாளில் யோகோயே காரை ஓட்டிச் செல்ல நேர்ந்தது. வழியில் இதைச் சொன்னார். தலைவர் பெரிதாக எதுவும் கூறவில்லை. ஆயினும் சில நாள்களில் கால்குலேட்டர் செய்யும் ஷார்ப் நிறுவனத்தார் கியோட்டோவுக்கு வந்து சேர்ந்தனர். 1980இல் கேம் அண்ட் வாட்ச் பிறந்தது. கடிகாரமும் விளையாட்டும் இணைந்த அவ்வரிசை உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது.

சிலுவைப் பொத்தான்

அன்றைய விளையாட்டு இயந்திரங்களில் திசை காட்ட நெட்டுக் கைப்பிடிகள் இருந்தன. அவற்றைப் பையில் வைக்க இயலாது. 1982இல் இரண்டு திரைகளோடு மடித்து வைக்கும் டாங்கி காங் விளையாட்டைச் செய்தபோது யோகோய் இதற்கு விடை கண்டார். நான்கு பொத்தான்களை ஒரே சிலுவையாக்கி, நடுவில் ஒரு முளையின்மேல் நிறுத்தினார். ஒரு கை தாழ்ந்தால் எதிர்க்கை உயரும். ஆகவே வலமும் இடமும் ஒருங்கே அழுந்தா. விரல் தடவியே திசையை அறியும். கண் திரையை விட்டு விலக வேண்டுவதில்லை. மறு ஆண்டே அது ஃபேமிகாமில் ஏறியது; அதன் வழியாக நம் தெருவுக்கும் வந்தது. இன்றைய கருவிகளிலும் அது தொடர்கிறது.

கேம் பாய்

யோகோயின் தலைமையிலிருந்த ஆராய்ச்சிப் பிரிவு, சடோரு ஒகாடா முதலிய துணைவர்களின் உழைப்போடு 1989 ஏப்ரல் 21இல் கேம் பாயை வெளியிட்டது. கைக்கு அடக்கமான கருவி. மாற்றிச் செருகும் கேசட்டு. வண்ணம் இல்லாத, பச்சை கலந்த திரை. அதில் நான்கே சாயல்கள். திரைக்குப் பின் விளக்கும் இல்லை. அவ்வாண்டே அடாரி நிறுவனத்தின் லிங்க்ஸும், அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியரும் வண்ணத் திரையோடு வந்தன. அறிந்தோர் பலரும் கேம் பாய் தோற்கும் என்றே கருதினர்.

நிகழ்ந்தது வேறு. வண்ணத் திரைக் கருவிகள் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரிகளில் பத்து மணிக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. வளைகுடாப் போரில் தீப்பட்டு உருகிய கேம் பாய் ஒன்று, அதன் பின்னரும் இயங்கி, நியூயார்க் நகரிலிருந்த நின்டெண்டோ கடையில் பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய டெட்ரிஸ் விளையாட்டு இக்கருவியோடு சேர்ந்து உலகை வலம் வந்தது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற பிரிக் கேம் அந்த டெட்ரிஸின் தொலைதூர உறவே. பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்துக் கேம் பாய் 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

தோல்வியும் விலகலும்

வெற்றியை மட்டும் சொல்வது வாழ்க்கை வரலாறு ஆகாது. 1995இல் யோகோய் வெளியிட்ட வர்ச்சுவல் பாய், கண்களைப் பொருத்திப் பார்த்தால் ஆழம் தெரியும் கருவி. விலையையும் மின்செலவையும் எண்ணிச் சிவப்பு விளக்குகளை மட்டும் பயன்படுத்தினார். கருமைமேல் செம்மை அன்றி வேறு நிறம் அதில் இல்லை. தாங்கியின்மேல் வைத்துக் குனிந்து ஆட வேண்டியிருந்தது. கண் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்றனர் மக்கள். எட்டு லட்சத்தை எட்டும் முன்னரே, ஓராண்டளவில் அதன் விற்பனை நின்றது. முப்பதாண்டுப் புகழ் அவரை அத்தோல்வியிலிருந்து காக்கவில்லை.

1996இல் அளவிலும் எடையிலும் சிறுத்த கேம் பாய் பாக்கெட்டைச் செய்து முடித்து, அவ்வாண்டு ஆகஸ்டில் நின்டெண்டோவிலிருந்து விலகினார். தோல்வியே காரணம் என்று பலர் எழுதினர். தனித்து ஒரு சிறு நிறுவனம் நடத்தும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. கியோட்டோவில் கோட்டோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, பான்டாய் நிறுவனத்துக்காக வொண்டர்ஸ்வான் என்னும் கருவியை வடிவமைப்பதில் ஈடுபட்டார். ஒரே ஒரு பேட்டரியில் நெடுநேரம் ஓடும் கருவி அது. தோல்விக்குப் பின்னும் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை.

மறைவு

1997 அக்டோபர் 4ஆம் நாள் இஷிகாவா மாநிலத்தில், ஹொகுரிகு விரைவுச் சாலையில் அவர் சென்ற கார் முன்சென்ற லாரியில் மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கி நின்றவர்மீது வேறொரு கார் மோத, யோகோய் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56. ஜி.என்.டி. சாலையோரம் வாழும் நமக்கு இத்தகைய செய்தி புதிதன்று. ஆயினும் ஒவ்வொரு முறையும் அது நெஞ்சைச் சுடுகிறது. வொண்டர்ஸ்வான் 1999இல் வெளிவந்தபோது, அதற்கென உருவான புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 2003இல் பன்னாட்டு விளையாட்டு வடிவமைப்பாளர் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருதளித்துப் போற்றியது.

காயலான் கடையில் கிடைத்த பாடம்

இன்று உலகெங்கும் பழைய விளையாட்டுக் கருவிகளைத் தேடிச் சேர்ப்போர் பெருகியுள்ளனர். அன்று தோற்ற வர்ச்சுவல் பாயையும், அரிதாகிவிட்டதனால், ஆவலோடு வாங்குகின்றனர். இச்சேகரிப்பின் உயிர்நாடி பழுது பார்ப்பதே. கசிந்த பேட்டரியால் படிந்த களிம்பை வினிகர் தோய்த்த பஞ்சால் துடைக்கின்றனர். திரையில் கோடுகள் மறைந்தால் ஓரத்து இணைப்பைச் சால்டரிங் கோலால் மெல்லச் சூடேற்றுகின்றனர். கேசட்டுக்குள் இருக்கும் நாணய வடிவப் பேட்டரி தீர்ந்தால், சிறுவன் ஒருவன் என்றோ சேமித்த ஆட்டமும் அழியும். ஏட்டுச்சுவடியைச் செல்லரிப்பது போன்றதே இது. நாங்கள் வாயால் ஊதியதும் எச்சில் ஈரத்தால் உலோகத்தை அரிக்கும் செயலே என்பதை இப்போது அறிகிறோம்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாய் அமைந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். என் மாணவர் ஒருவர், விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தை எப்போதும் வெற்றிடமாகவே விடுவார். கேட்டபோது, கம்பெனியில் சும்மா ரிப்பேர் வேலை என்று தலைகுனிந்து கூறினார். தந்தையார் கும்மிடிப்பூண்டி ஆலை ஒன்றில் பராமரிப்புப் பணியாளர். சில மாதங்களுக்குப்பின் அம்மாணவர் துணியில் சுற்றி ஒரு பொருளைக் கொண்டுவந்தார். நான் சிறுவயதில் ஆடிய வகை டிவி கேம்! நெடுஞ்சாலையோரக் காயலான் கடையில் எடைக்குக் கிடந்ததை அவர் தந்தையார் வாங்கி, இரவுப் பணி முடிந்த பகல்களில் அமர்ந்து உயிர்ப்பித்திருக்கிறார். காயல்பட்டினத்து வணிகர்களால் ஏற்பட்ட பெயர் காயலான் கடை என்பர். பிறர் கழித்த பொருளில் பயன் காணத் தெரிந்தோர் தந்த பெயர் அது. இப்பகுதியில் மின்னணுக் கழிவுகளைப் பிரித்து உலோகம் எடுக்கும் ஆலைகளும் உள்ளன. அங்கே செல்லவிருந்த பெட்டி மீண்டும் மேசைக்கு வந்திருந்தது.

அன்று அம்மாணவருக்கு யோகோயின் கதையைச் சொன்னேன். இயந்திரத்தைப் புதிதாய்ச் செய்பவருக்கு அது ஓடுவதுதான் தெரியும். அது எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பது பழுது பார்ப்பவருக்கே தெரியும். அந்த அறிவிலிருந்துதான் கோடிக்கணக்கான குழந்தைகளின் மகிழ்ச்சி பிறந்தது என்றேன். அவர் ஏதும் கூறவில்லை. அடுத்த பருவத் தேர்வு விண்ணப்பத்தில் அந்த இடம் நிரம்பியிருந்தது. இயந்திரப் பராமரிப்பாளர் என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சொல்லாமல் விட்ட தச்சனின் பெயரை நாமேனும் கேட்டு அறிவோமாக. நம் இல்லங்களிலும் பழுது பார்க்கும் கைகள் உள்ளன. அவற்றை வணங்கக் கற்பதே யோகோயின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்.